மதுரையா கோயமுத்தூரா: ரெண்டு ஊர்லயும் குப்பை கொட்டுனவ சொல்றேன்

கேட்டவங்க நிலைமை இதுதான். சென்னை வாடகையும் ட்ராஃபிக்கும் போதும்னு ஆயிருச்சு, வீட்டுக்காரருக்கு ஐடி வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவ ஆபீஸ்ல தலைய காட்டுனா போதும், இவங்க ஸ்கூல் டீச்சர், பையன் மூணாவது படிக்கிறான், மாமனார் மாமியார் அருப்புக்கோட்டைல, மாமனாருக்கு சுகரும் ஹார்ட் பிரச்சனையும். மதுரைக்குப் போறதா கோவைக்குப் போறதான்னு வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களாம்.

எங்க வீட்லயும் பதினாறு வருஷமா இதே பஞ்சாயத்துதாங்க. நான் பொறந்து வளந்தது மதுரை சிம்மக்கல், கட்டிக்கிட்டுப் போனது கோயமுத்தூர் சிங்காநல்லூர். கொஞ்ச வருஷம் அங்க, அப்புறம் வடவள்ளி, மொத்தம் பதினோரு வருஷம் இருந்துட்டு அவருக்கு வேலை மாறவும் இப்ப அஞ்சு வருஷமா மதுரை நாராயணபுரத்துல இருக்கோம். அவரு இன்னும் காலைல வாசலுக்கு வந்தவுடனே "எங்கூர்ல இந்நேரம் காத்து எப்படி இருக்கும் தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாரு. எங்கம்மா உள்ளருந்து "வரும்போது ரெண்டு மூட்டை கட்டி எடுத்துட்டு வந்திருக்கலாம்ல மாப்ள"ங்கும்.

அந்தக் காத்தயே மொதல்ல பேசிருவோம், ஏன்னா அதுல மதுரை சார்பா வாதாட என்கிட்ட ஒண்ணுமில்ல. கோவை கடல் மட்டத்துலருந்து 400 மீட்டருக்கு மேல இருக்கு, மேக்கால மலைத்தொடர்ல பாலக்காட்டுக் கணவாய்னு சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து, கேரளால மழை கட்டுனா இங்க மழை பெய்யுதோ இல்லயோ அந்த சந்து வழியா காத்து மட்டும் வந்து ஊத்தும். ஜூன் ஜூலைல மொட்ட மாடில துணி காயப்போட்டா ஒரு துணிக்கு ரெண்டு கிளிப்பு மாட்டணும், இல்லன்னா அடுத்த வீட்டு மாடில போய் பொறுக்கணும். மதுரைல ஏப்ரல் மே வந்தா 40 டிகிரிங்கறது சாதாரணம், மத்தியானம் மூணு மணிக்கு குழாயத் தொறந்தா கைய வைக்க முடியாது, டேங்க்குல தண்ணி கொதிச்சுக் கெடக்கும், நாங்க காலைலயே ரெண்டு வாளி பிடிச்சு பாத்ரூம்ல நிழல்ல வச்சிருவோம் சாயங்காலக் குளிக்கு. மொத வருஷம் அவருக்கு முதுகு பூரா வேர்க்குரு. கோவைலயும் ரோட்ட அகலப்படுத்துறேன்னு பெரிய பெரிய மரத்தெல்லாம் வெட்டி இப்ப வெயில் முன்ன மாதிரி இல்லதான், ஆனா மதுரை மே மாசத்தப் பாத்த எவனும் கோவை வெயிலப் பத்தி புலம்ப மாட்டான்.

தண்ணி. கோவைக்காரங்க கிட்ட சிறுவாணின்னு சொன்னா போதும், கண்ணு கலங்கிரும். உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணிம்பாங்க, போட்டிய யாரு வச்சாங்கன்னு கேட்டா பதில் வராது. ஆனா ருசி உண்மை, நான் மறுக்கல. அதுல தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, அணை கேரளா பக்கம் பாலக்காடு மாவட்டத்துல இருக்கு, ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத்தான் தண்ணி வருது, அணைல எவ்வளவு தேக்குறாங்கங்கறத வச்சு கோவைல குழாய் மெலியும். அப்புறம் ஊர் பூராவுக்கும் சிறுவாணி கிடையாது, மேக்கால வடவள்ளி பக்கமெல்லாம் சிறுவாணி, கிழக்க பாதி ஊருக்கு பவானி ஆத்துல பில்லூர் அணைத் தண்ணி. வீடு பாக்கும்போது "சிறுவாணித் தண்ணிங்க"ன்னு புரோக்கர் சொன்னா பக்கத்து வீட்ல கேட்டுக்கோங்க. எனக்கு கல்யாணமான புதுசுல நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா, சமயத்துல பத்து நாளைக்கு ஒருக்கா. விடிகாலைல மூணு மணிக்கு மாமியார் கதவத் தட்டி "அம்மணி, தண்ணி வந்துருச்சு, எந்திரி கண்ணு"ன்னு சொல்ற குரல்தான் எனக்கு கோயமுத்தூர்னு நெனச்சாலே காதுல கேக்குறது. அதனாலதான் அங்க சம்ப்பு இல்லாத வீடே கிடையாது, சம்ப்பு சின்னதா இருக்குற வீட்டுக்கு வாடகைக்கு போகாதீங்க, அவ்வளவுதான் என் புத்திமதி.

மதுரைல தண்ணிக்கு வைகை அணைய நம்பியிருக்கோம், அதுக்கு மேல முல்லைப்பெரியாறு. இப்ப முல்லைப்பெரியாத்துலருந்து நேரா குழாய்லயே கொண்டு வர்ற திட்டமும் இருக்கு. ஏரியாவுக்கு ஏரியா முறை மாறும், சில தெருவுல சாக்கடை கலந்து வந்து சண்டை நடக்கும், போர் தண்ணி உப்பு, குடிக்க கேன் வாங்குற வீடுதான் ஜாஸ்தி. ஒரு நல்ல சேதி, வண்டியூர் தெப்பக்குளத்துல ரொம்ப காலம் பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க, இப்ப சில வருஷமா வைகைத் தண்ணிய விட்டு நெரப்பி வைக்கிறாங்க, அந்தச் சுத்துவட்டாரத்துல போர்ல தண்ணி ஏறிருக்குன்னு எங்க சித்தி வீட்ல சொல்றாங்க. மொத தடவ எங்க மாமனார் மதுரை வீட்டுக்கு வந்தப்ப கார் டிக்கில 20 லிட்டர் கேன் ரெண்டு சிறுவாணித் தண்ணி ஏத்திட்டு வந்தாருங்க. "பேத்திக்குங்க"ன்னாரு. எங்கம்மா மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! சம்பந்தி வீட்டு சீர் வரிசைல தண்ணி கேன் வந்தது எங்க வம்சத்துலயே அதுதான் மொத தடவ. ஒரு கேன் எங்கம்மா கோலமாவு போட்டு வச்சிருக்கு.

வேலைன்னு வந்தா மதுரை தோத்துரும், அதுவும் நல்லாவே தோக்கும். கோயமுத்தூர் மில்லு போட்டு வளந்த ஊரு, 1888ல ஸ்டேன்ஸ் துரை மில்லு ஆரம்பிச்சாரு, 1930கள்ல பைக்காரா மின்சாரம் வந்தவுடனே மில்லுங்க வரிசையா மொளச்சுச்சு, அந்த மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்யப் போய் ஃபவுண்டரி, அதுலருந்து மோட்டார், பம்புசெட்டு, கிரைண்டர்னு ஒண்ணு பிடிச்சு ஒண்ணு போயிருக்கு. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு கூட இருக்கு. இதையெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, அந்த ஊர்ல பின்னாடி ஒரு ஷெட்டு, அதுல ரெண்டு லேத்து, ஜாப் ஒர்க்குன்னு வாழுற குடும்பம் தெருவுக்குத் தெரு இருக்கும், அதனால ஊரோட பேச்சே வேற. எங்க மாமனார் வீட்டு விசேஷத்துல ஆம்பளைங்க கூடுனா "ஆர்டர் எப்டிங்க போகுது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி பக்கமெல்லாம் ஐடி கம்பெனி வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு கம்பெனில வேலை போனா அடுத்த கேட்டத் தட்டலாம். மதுரைலயும் ஹார்வி மில்லு 1892லயே வந்துச்சு, டிவிஎஸ் பஸ்ஸு விட்டு ஆரம்பிச்சதே மதுரைலதான், ஆனா பெரிய பெரிய ஃபேக்டரியெல்லாம் ஓசூர், சென்னைன்னு வேற எங்கயோ போய் வளந்துச்சு. இலந்தைக்குளத்துல எல்காட்னு அரசாங்க ஐடி பார்க், அதுல எச்சிஎல், அங்கிட்டு ஹனிவெல், அப்புறம் சின்ன கம்பெனிங்க சிலது, அவ்வளவுதான் சொல்ல முடியும். 2004ல ஐகோர்ட்டு கிளை வந்தது வக்கீலுங்களுக்கும் ஒத்தக்கடை நிலத்துக்கும் நல்லதாச்சு, எங்க அண்ணன் மாதிரி பி.இ. முடிச்சவனுக்கு அதுல என்ன இருக்கு?

மனுசங்க விஷயத்துலதான் நான் கொஞ்சம் நிறுத்தி சொல்லணும், ஏன்னா வெயிலு தண்ணியெல்லாம் பழகிரும், இது பழகாது.

கோவைல எல்லாரும் எல்லாத்துக்கும் "ங்க" போடுவாங்க, சின்னப் புள்ளையக் கூட "சாப்டீங்ளா கண்ணு"ம்பாங்க. மதுரைலருந்து போன எனக்கு மொத ஆறு மாசம் எல்லாரும் என் மேல கோவமா இருக்காங்க போல, அதான் மரியாதையா பேசுறாங்கன்னே தோணுச்சு. (எங்க ஊர்ல திடீர்னு ஒருத்தர் மரியாதை குடுத்தா சண்டைன்னு அர்த்தம்.) ஆனா அந்த ஊரு நம்மள நம்ம பாட்டுக்கு விட்ரும். வடவள்ளி அபார்ட்மெண்ட்ல எனக்கு டெலிவரி ஆகி வீட்டுக்கு வந்த அன்னைக்கு எதுத்த வீட்டக்கா ஒரு டிபன் டப்பாவுல அரிசிம்பருப்பு சாதம் வாசல்ல வச்சுட்டு பெல்ல அடிச்சுட்டு கதவச் சாத்திக்கிட்டாங்க. மறுநாள் டப்பாவ திருப்பிக் குடுக்கப் போனா "தொந்தரவு பண்ண வேண்டாம்னுதானுங்க"ன்னாங்க. நாலு வருஷம் பக்கத்துல இருந்தோம், எங்க சம்பளம் என்ன, நாங்க என்ன ஆளுங்கன்னு அவங்க ஒரு நாள் கேட்டதில்ல.

மதுரைல நாராயணபுரத்துல சாமான் இறக்குன அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு அவரு எங்க வேலை பாக்குறாரு, ஏன் ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டோம், பீரோ எங்கம்மா வீட்டு சீரா இல்ல வாங்குனதா, எல்லாம். வாசல்ல பூ கொண்டு வர்ற அக்கா ஒண்ணு இருக்கு, மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அது அந்த அக்காவுக்கே குடுத்த மாதிரி பேசும். ஒரு நாள் நான் ஒண்ணும் பேசாம காச மட்டும் நீட்டுனேன், மூஞ்சியப் பாத்துட்டு ஒரு முழம் சேத்து அறுத்துக் குடுத்துட்டு "சண்டையா? எவன் மேல தப்பு?"ன்னு கேட்டுச்சு. நடுத்தெருவுல, சத்தமா. அவரு மாடில நின்னுட்டு இருக்காரு! இது உங்களுக்கு சிரிப்பா வருதா எரிச்சலா வருதான்னு பாத்துக்கோங்க, எந்த ஊர்னு முடிவு பண்ண அது போதும். சென்னைல பத்து வருஷம் ஃபிளாட்ல இருந்தவங்களுக்கு மொத மாசம் எரிச்சல்தான் வரும்.

ராத்திரின்னு எடுத்தா மதுரை மதுரைதான். தூங்கா நகரம்ங்கறதெல்லாம் விளம்பரம் இல்லைங்க, ராத்திரி பதினோரு மணிக்கு மேலயும் குடும்பத்தோட நின்னு இட்லியும் நாலு சட்னியும் சாப்புடலாம், பக்கத்துலயே பருத்திப்பால், அதுக்கு அங்கிட்டு கறி தோசை. பொம்பளையா நான் சொல்றேன், ராத்திரி தெருவுல ஆள் நடமாட்டம் இருக்குறது பெரிய தைரியம். கோவைல பத்து மணி ஆனா பாதி ஊரு ஷட்டர இறக்கிரும், அப்புறம் டூவீலர்ல வர்றது வெறும் ரோட்டுல வர்றதுதான். ஆனா பகல்ல அங்க இருக்குற பேக்கரி எனக்கு இன்னும் ஏங்குது, தெருமுனைக்கு ஒரு பேக்கரி, சூடா டீ, தேங்கா பன், நின்னு நாலு பேர் பேசிட்டுப் போவாங்க, சாயங்காலம் தள்ளுவண்டில காளான் மசாலா. மதுரைல டீக்கடைல பொம்பளைங்க நின்னு டீ குடிக்கிறது இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா பாக்குறேன்.

வீட்டு வாடகை. வடவள்ளில ரெண்டு பெட்ரூமுக்கு நாங்க கடைசியா குடுத்தது 11,000, அதே வீட்டுக்கு இப்ப 17,000ங்கறாங்களாம், இங்க தனி வீட்டுக்கு 13,000 குடுக்குறோம். கையில மொத்தமா காசு இருந்தா ஒத்திக்கும் பாக்கலாம், மதுரைல ஒத்திம்பாங்க, கோவைல போக்கியம்பாங்க, சென்னைல நீங்க லீஸ்னு சொல்றதுதான், மொத்தமா ஒரு தொகைய குடுத்துட்டு ரெண்டு மூணு வருஷம் வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்ணும்போது பணத்த திருப்பி வாங்கிக்கறது. மதுரைல இது ரொம்ப சகஜம். வீட்டு பத்திரம் பேங்க்ல அடமானத்துல இருக்கான்னு வில்லங்கம் போட்டுப் பாக்காம, ஒப்பந்தத்த ரிஜிஸ்டர் பண்ணாம மட்டும் காசக் குடுத்துராதீங்க, எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்க குடுத்துட்டு வீட்டுக்காரர் கடன் கட்டாம வீடு ஏலத்துக்கு வந்து மூணு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க.

இன்னொண்ணு, யாரும் எழுத மாட்டேங்குறாங்க. ரெண்டு ஊர்லயும் வீடு குடுக்குறவங்க சாதி கேப்பாங்க. கோவைல "நீங்க பூர்வீகம் எந்தப் பக்கங்க"ன்னு சுத்தி வளைப்பாங்க, மதுரைல "நீங்க என்ன ஆளுக"ன்னு நேராவே கேட்ருவாங்க. எது மோசம்னு என்னைக் கேட்டா ரெண்டும்தான். கறி சமைப்பீங்களான்னு கேக்குறதும் பாதி நேரம் அதே கேள்விதான், கறிய பத்தி இல்ல.

ரோடு, பாலம் கதைக்கு ரொம்ப எழுதல. கோவைல அவினாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துலருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பேர்ல மேம்பாலம் 2025 அக்டோபர்ல தொறந்தாங்க, ஏர்போர்ட்டுக்கு போறவங்களுக்கு வரம். மதுரைல நத்தம் ரோட்டுல 2023ல தொறந்த 7.3 கிலோமீட்டர் பாலம் எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான், கீழ ட்ராஃபிக் குறைஞ்சுச்சான்னு கேக்காதீங்க. அதே ரோட்டுல 2023ல வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மட்டும் தங்கம், என் பொண்ணு சனிக்கிழமையானா அங்கதான். மெட்ரோ? ரெண்டு ஊருக்கும் சேத்து மாநில அரசு திட்டம் அனுப்புச்சு, 20 லட்சம் ஜனத்தொகை இல்லன்னு 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு, அதுவும் 2011 சென்சஸ வச்சு. அன்னைக்கு ஒரு நாள்தான் எங்க வீட்ல கோவையும் மதுரையும் ஒரே கட்சி.

மதுரையோட பழைய ஊரு அமைப்பு வேற, கோயில நடுவுல வச்சு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு சதுரம் சதுரமா தெரு, கோட்டைச் சுவர 1840கள்ல பிளாக்பர்ன்னு கலெக்டர் இடிச்சு அகழிய தூத்த எடம்தான் வெளி வீதி. பாக்க அழகு, கார்ல போனா சாபம். தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி விளக்குத்தூண் பக்கம் போனீங்கன்னா திரும்பி வர்றது மீனாட்சி விட்ட வழி. சித்திரைல அழகர் ஆத்துல இறங்குறப்ப கோரிப்பாளையம், தல்லாகுளமெல்லாம் வண்டி ஓடாது, ஆஸ்பத்திரி அவசரம்னா முன்னாடியே வழி யோசிச்சு வச்சுக்கணும். ஆனா அந்த ராத்திரி எங்க வீட்டுக்காரரே, காத்துப் பைத்தியம், தல்லாகுளத்துல எதிர்சேவை, அதான் வர்ற அழகர ஜனங்க எதிர்கொண்டு வரவேற்கிறது, பாக்க விடிய விடிய நிப்பாரு. கோயமுத்தூர்ல இந்த மாதிரி ஊரே ஒண்ணா தெருவுல நிக்கிற நாளு ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டேன், யோசிச்சு சொல்றேன்னாரு, ரெண்டு வருஷமா யோசிக்கிறாரு.

குப்பைக்கு ரெண்டு ஊரும் பாஸ் ஆகல. கோவைல வெள்ளலூர் கிடங்கு, காத்து திரும்புனா போத்தனூர் வரைக்கும் நாத்தம், 2024 ஏப்ரல்ல தீப்பிடிச்சு நாள் கணக்குல புகைஞ்சுச்சு. மதுரைல அதுக்கு அவனியாபுரம் வெள்ளக்கல். அந்த ரெண்டு பக்கமும் வீடு சல்லிசா கிடைக்குதேன்னு போயிராதீங்க. அப்புறம் தொண்டாமுத்தூர், மருதமலை அடிவாரம் பக்கம் வில்லா பாக்குறவங்களுக்கு, யானை வரும், கதை இல்ல, எங்க நாத்தனார் வீட்டு வாழைத் தோட்டம் ரெண்டு தடவ போயிருச்சு.

ஆஸ்பத்திரில ரெண்டும் நல்ல ஊருதான். கோவைல பெரிய தனியார் ஆஸ்பத்திரி எண்ணிக்கை ஜாஸ்தி, பில்லும் ஜாஸ்தி. மதுரைல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976ல 11 படுக்கையோட தொடங்குனது, இன்னைக்கு அதப் பாக்க எங்கெங்கருந்தோ வர்றாங்க, பெரியாஸ்பத்திரின்னு நாங்க சொல்ற ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு தென் மாவட்டமே வருது, ஹார்ட்டுக்கு நல்ல தனியார் ஆஸ்பத்திரி நாலஞ்சு இருக்கு. எய்ம்ஸ 2019ல அடிக்கல் நாட்டுனதுலருந்து நம்பி வயசானதுதான் மிச்சம், அதக் கணக்குல சேக்காதீங்க.

உங்களுக்கு என்ன சொல்றேன்னா, மதுரை. காரணம் பூவும் இல்ல கறி தோசையும் இல்ல, அருப்புக்கோட்டை. மாமனாருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னு போன் வந்தா மதுரைலருந்து ஒரு மணி நேரத்துல நீங்க அங்க நிப்பீங்க, இல்ல ஆம்புலன்ஸே நேரா உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துரும். கோவைலருந்து அஞ்சு ஆறு மணி நேரம், நான் அந்த ரோட்டுல எங்கப்பாவுக்காக ஒரு ராத்திரி வந்திருக்கேன், தாராபுரம் தாண்டுனதும் போன் வந்துருச்சு. அதுக்கு மேல எழுத வேண்டாம்.

ஒரே ஒரு ஆனா. உங்க வீட்டுக்காரர் வேலை நிலைக்குமான்னு சந்தேகம் இருந்தா, இல்ல கம்பெனி திரும்ப ஆபீஸுக்கு கூப்புடும்னு தோணுச்சுன்னா கோவைக்கே போங்க, மாமனார் மாமியாரயும் கூட்டிட்டுப் போங்க. டீச்சர் வேலையும் அங்க ஸ்கூல் ஜாஸ்திங்கறதால லேசா கிடைக்கும், எனக்கே அங்க ஒரு மாசத்துல கிடைச்சுது, இங்க ஒரு வருஷம் ஆச்சு, சம்பளமும் இங்க கம்மி. நான் இத டைப் பண்றத எட்டிப் பாத்துட்டு அவரு "அந்தக் கடைசி வரிய மேல போடு"ங்கறாரு, போட மாட்டேன்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு ஊர்லயும் ஒரு வாரம் தங்கிப் பாருங்க, மதுரைக்கு கண்டிப்பா மே மாசம் வாங்க, டிசம்பர்ல வந்து பாத்துட்டு ஏமாறாதீங்க. கோவைலருந்து மதுரைக்கு பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியா பகல் ட்ரெயின் இருக்கு, அது கிடைக்கலன்னா பஸ்ஸு. காந்திபுரத்துல போய் நின்னுட்டு மதுரை பஸ்ஸையே காணோம்னு தேடாதீங்க, சிங்காநல்லூர்ல ஏறணும், இங்க வந்து இறங்குறது மாட்டுத்தாவணி இல்ல, ஆரப்பாளையம். இறங்குனதும் ஆட்டோக்காரர் சொல்ற மொத ரேட்டுல பாதிய கேளுங்க.